வெட்டலாம், குறைக்கக் கூடாது

மார்ச் 3, திங்கள்

இன்று செய்த தவறு: தலைவரின் புள்ளியை வெட்டிவிட்டேன்.

கணினி நிரல் எழுதக் கற்கும் மாலை வகுப்பில் வாத்தியார் எல்லாரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். முதலில் அன்றைய தவறு, பிறகு அதைத் திருத்திய விதம், கடைசியில் நாளைய வேலை. "நிரல்ல பொய் எழுதினா கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்துடும். நாட்குறிப்புல எழுதினா காட்டிக் குடுக்க ஆள் கிடையாது. அதனால பாத்து எழுதுங்க" என்றார். பார்த்துத்தான் எழுதுகிறேன். இருந்தாலும் சரியாக எழுதுகிறேனா என்று தெரியவில்லை.

பகலில் எனக்குக் குடிநீர் வாரியத்தின் அறிவிப்புப் பிரிவில் வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வாரியம் மக்களுக்கு அனுப்பும் நீளமான செய்திகளைப் போனுக்குப் பொருந்துகிற மாதிரி துண்டு துண்டாக வெட்டி அனுப்பும் நிரலைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதனால் அலுவலகத்தில் என்னைக் கத்தரி என்று கூப்பிடுகிறார்கள். முதலில் கேலியாகக் கூப்பிட்டார்கள். இப்போது வருகைப் பதிவிலும் அப்படியே வந்துவிட்டது.

வெட்டும் விதம் இதுதான். ஒரு குறுஞ்செய்தியில் எழுபது இடம். 'க' என்றால் ஓர் இடம். அதற்குப் புள்ளி வைத்தால் புள்ளிக்கு இன்னோர் இடம். எங்கள் இயந்திரம் பழையது. துண்டுகளைப் போனில் தானாக ஒட்டிக் காட்டத் தெரியாது. அதனால் ஒவ்வொரு துண்டின் தலையிலும் '1/6' என்ற மாதிரி எண் போடுகிறோம். அதற்கு மூன்று இடம் போக மிச்சம் அறுபத்தேழு. அறுபத்தேழு நிரம்பியதும் வெட்டு என்று எழுதியிருந்தேன்.

வாரியம் எதைச் சொன்னாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "மதிப்பிற்குரிய வாரியத் தலைவர் நீர்க்காவலர் செயல்வேங்கை ஐயா அவர்களின் ஆணைப்படி". இதில் 'அவர்களின்' என்பதன் கடைசி 'ன' சரியாக அறுபத்தேழாவது இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதன் புள்ளி அறுபத்தெட்டாவது. முதல் துண்டு புள்ளி இல்லாமல் போனது. இரண்டாம் துண்டு ஒரு புள்ளியோடு தொடங்கியது.

காலையில் கூட்டம் போட்டார்கள்.

எங்கள் பிரிவின் மேலதிகாரியை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் முன்னுரை என்பார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்பதாக இருந்தாலும் "நாம் அனைவரும் கூடியிருக்கும் இவ்வேளையில்" என்று தொடங்குவார். அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் காற்புள்ளி. மேசைக்கு எந்தத் தாள் வந்தாலும் ஒரு காற்புள்ளியைச் சேர்ப்பார் அல்லது எடுப்பார், கையெழுத்துப் போடுவார். மற்றதைப் படித்து யாரும் பார்த்ததில்லை.

"புள்ளி ரெண்டாம் துண்டுலதான் கெடந்திருக்கு. ஆபீஸ்ல ரெண்டாவது நீங்கதான?" என்றார் முன்னுரை.

"நான்தான் சார். ஆனா அது யாரோட புள்ளி? தலைவரோட புள்ளி. தலைவர் முதல் துண்டு. முதல் துண்டு நீங்க."

"இப்ப யார்கிட்ட இருக்கு?"

"பக்கத்து வீட்டுப் பையன் என் சோபாவுல வந்து உக்காந்தா, என் பையன் ஆயிடுவானா சார்?"

இருவரும் மாறிமாறி அந்தப் புள்ளியை மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த முதல் வரியைக் கொஞ்சம் சுருக்கினால் புள்ளி உள்ளேயே அடங்கிவிடும் என்று சொன்னேன்.

முன்னுரை கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, உன் வேலை வெட்டறது. குறைக்கறது இல்ல. நல்லாக் கேட்டுக்கோ. வெட்டலாம், குறைக்கக் கூடாது. வெட்டினா எல்லாம் இருக்கும், தனித்தனியா இருக்கும். குறைச்சா ஏதோ ஒண்ணு இல்லாமப் போயிடும். அந்த ஒண்ணு நானா இருந்தா?"

முடிவு எடுக்கும் வரை புள்ளி எந்தத் துண்டிலும் சேராமல், எண்ணும் இல்லாமல் தனியாகப் போகட்டும் என்று தீர்மானம் ஆனது. அப்படியே செய்தேன்.

மதியம் அக்கா கூப்பிட்டாள். அவள் நகரத்தின் கிழக்குப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். கைக்குழந்தை. புட்டிப் பால்தான்.

"டேய், உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு மெசேஜ் வந்திருக்கு. ஒரே ஒரு புள்ளி. வேற ஒண்ணுமே இல்ல. எனக்குப் பயமா இருக்கு. என்னடா அது?"

"தலைவரோடது, அக்கா."

"அத எதுக்கு எனக்கு அனுப்பறீங்க?"

நாளை: எழுத்தின் நடுவில் வெட்டாமல் சொல் முடிகிற இடத்தில் வெட்டும்படி நிரலை மாற்ற வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

தவறு: திருத்தினால் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

நிரலைச் சொல்லுக்குச் சொல் வெட்டும்படி மாற்றினேன். மூன்று முறை சோதித்தேன். புள்ளி வீட்டுக்குத் திரும்பிவிட்டது. முன்னுரையிடம் காட்டினேன். அவருக்கு அதில் மகிழ்ச்சி இருந்த மாதிரி தெரியவில்லை. நேற்றுப் பிரச்சினை எழுந்துவிட்டதால் அதற்கு ஓர் ஏற்பாடும் செய்தாகிவிட்டதாம். பிரச்சினை போய்விட்டது என்பதற்காக ஏற்பாட்டைத் தூக்கிப் போட முடியாதாம்.

ஏற்பாடு இதுதான். இனிமேல் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அலுவலர். ஒரு துண்டு போனதும் அந்த அலுவலர் பத்துப் பேருக்குப் போன் செய்து அது உரிய மரியாதையோடு போய்ச் சேர்ந்ததா என்று விசாரிக்க வேண்டும். விசாரித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த துண்டு போகலாம். சுற்றறிக்கையில் இதை "முன் அனுப்பிய துண்டு சேர்ந்ததை உறுதிசெய்யாமல் பிறிதொரு துண்டை அனுப்பலாகாது" என்று எழுதியிருந்தார்கள். காற்புள்ளி அதில் ஒரு காற்புள்ளி போட்டிருந்தார்.

பிறகு துண்டுகளைப் பங்கு போட்டார்கள். வாரியத்தின் செய்தி வழக்கமாக ஆறு துண்டு வரும். முதல் துண்டு முன்னுரைக்கு. அதில் யாருக்கும் சண்டை இல்லை. இரண்டாம் துண்டுக்கு மூன்று பேர் மல்லுக்கு நின்று கடைசியில் காற்புள்ளி ஜெயித்தார். மூன்றும் நான்கும் போகப் போக முகங்கள் வாடிக்கொண்டே வந்தன. ஆறாம் துண்டை யாரும் தொடவில்லை.

"கடைசித் துண்டுல என்ன சார் இருக்கு? விஷயம் மட்டும்தான் இருக்கும். மரியாதை ஒரு பொட்டுகூட இருக்காது. அதுல போய் என்னைப் போடறீங்களே, நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று ஒருவர் குரல் தழுதழுக்கக் கேட்டார்.

நியாயம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆறாம் துண்டு விடுப்பில் இருப்பவருக்குப் போனது. அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய நாற்காலியில் பழைய மின்விசிறி ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

மாலை வகுப்பில் இதைச் சொன்னேன். வாத்தியார், "உன் நிரல் சரியாத்தான் இருக்கு. அதைச் சுத்தி இருக்கற நிரல்தான் சரியில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்தானே அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

நாளை: ஆறு அலுவலர்களின் பெயர்களையும் இயந்திரத்தில் ஏற்ற வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

தவறு என்று எதை எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் பரிசோதனைக்கூடத்து அம்மா போன் செய்தார். தண்ணீரைச் சோதிப்பவர். அவர் பேச்சில் எப்போதும் வணக்கம்கூட இருக்காது.

"கத்தரி, கிழக்குப் பக்கம் சாக்கடைத் தண்ணி கலந்திருக்கு. குழாய்த் தண்ணிய யாரும் குடிக்கக் கூடாது. இப்பவே சொல்லு. சின்னக் குழந்தைங்க இருக்கற வீடுன்னா ரொம்ப மோசமாயிடும்."

எனக்கு உடனே ஞாபகம் வந்தது அக்காவின் பால் புட்டி. ஆனால் முதலில் முன்னுரையிடம் ஓடினேன். அது சரியா என்று இப்போது யோசிக்கிறேன்.

முன்னுரை பதறினார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதறியபடியே செய்தியை எழுதவைத்து, தலைவரிடம் எடுத்துப்போய் முழுச் செய்திக்கும் ஒப்புதல் வாங்கி வந்தார். என் நிரல் அதை ஆறாக வெட்டியது.

1/6மதிப்பிற்குரிய வாரியத் தலைவர் நீர்க்காவலர் செயல்வேங்கை ஐயா

2/6அவர்களின் ஆணைப்படி மக்கள் நலனையே மூச்சாகக் கொண்ட நமது வாரியம்

3/6ஆற்றிவரும் அரும்பணிகளைப் பணிவுடன் நினைவூட்டி மகிழ்கிறது. மேலும்

4/6கிழக்கு மண்டலத்தில் எதிர்பாராத தொழில்நுட்பச் சூழ்நிலை காரணமாக

5/6அடுத்த அறிவிப்பு வரும் வரை பொதுமக்கள் அனைவரும் குழாயில் வரும்

6/6தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

"சார், அந்தக் கடைசி வரிய மட்டும் இப்ப அனுப்பிடலாமா? மத்தத அப்புறம்..."

"அவசரம் எனக்கும் புரியுது தம்பி. அதனாலதான் உடனே ஆரம்பிக்கறோம். ஒண்ணுலேர்ந்து."

கிழக்கு மண்டலத்துப் போன் எண் பட்டியலுக்கு முதல் துண்டு போனது. முன்னுரை தன் அறையில் உட்கார்ந்து போன் செய்யத் தொடங்கினார். கதவு திறந்தே இருந்தது. அவர் ஒவ்வொருவரிடமும் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். விஷயம் என்பது தலைவர் முழுதாக வந்து சேர்ந்தாரா என்பது.

நான் மாடிப்படிக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, குழாய்த் தண்ணிய பாப்பாவுக்குக் குடுக்காத. நீயும் குடிக்காத. சாக்கடை கலந்திருக்கு."

புட்டியைக் கவிழ்த்துக் கொட்டும் சத்தம் கேட்டது.

"இப்பத்தான்டா கலக்கி வச்சேன். இன்னும் வாயில வைக்கல." குழாயை இறுக்கி மூடினாள். "மெசேஜ் ஒண்ணு வந்துச்சு. உங்க தலைவர் பேருதான் இருந்துச்சு. பொறந்த நாளோ என்னவோன்னு நெனச்சேன்."

"அது முதல் துண்டு. ஆறாவதுல விஷயம் வரும்."

"எப்ப வரும்?"

"நாளைக்கோ... நாளன்னைக்கோ..."

"டேய். எனக்கு நீ தம்பி. போன் பண்ணிச் சொல்லிட்ட. கீழ் வீட்டுக்காரிக்கு எவன்டா தம்பி? அவளுக்கும் ரெண்டு குழந்தைங்க. ஊருக்கே சொல்றதுக்குத்தான உன்னை அங்க உக்கார வச்சிருக்காங்க?"

போனை வைக்காமலேயே அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவது கேட்டது. மாடிப்படியில் நின்று கத்தினாள். "குழாய்த் தண்ணியக் குடிக்காதீங்க! சாக்கடை கலந்திருக்கு!" கதவுகள் திறந்தன. யாரோ பாத்திரத்தைக் கீழே போட்டார்கள். அவள் அதைத் துண்டு துண்டாக வெட்டவில்லை. ஆனால் அவள் குரல் ஒரு கட்டடத்துக்குத்தான் எட்டும். கிழக்கு மண்டலத்தில் எத்தனை கட்டடம்!

நான் திரும்பி வந்தபோது முன்னுரை முகம் சிவந்து நின்றிருந்தார்.

"ஒரு பொம்பள என்ன சொல்றா தெரியுமா? 'எந்தத் தலைவர்? தண்ணி வருமா வராதா, அதைச் சொல்லு'ங்கறா. மரியாதை போய்ச் சேரல தம்பி. இதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? திரும்ப முதல்லேர்ந்து அனுப்பு. நான் சாப்பிட்டுட்டு வந்து மறுபடி விசாரிக்கறேன்."

அவர் சாப்பாட்டு அறைக்குப் போய்விட்டார்.

நான் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுற்றறிக்கையை மறுபடி படித்தேன். முன் அனுப்பிய துண்டை உறுதிசெய்யாமல் அடுத்தது போகக் கூடாது. ஆனால் முதலில் போகும் துண்டுக்கு முன்னால் அனுப்பியது எதுவும் இல்லை. அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம். முழுச் செய்திக்கும் தலைவர் ஒப்புதல் இருக்கிறது. எந்தத் துண்டு முதலில் போக வேண்டும் என்று சுற்றறிக்கையில் எங்கேயும் இல்லை. இது தெரிந்த விஷயம் என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு வரியை மாற்றினேன். ஒன்றிலிருந்து ஆறுக்கு ஏறுவதை, ஆறிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்படி செய்தேன். எதையும் குறைக்கவில்லை. ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. பட்டியல் கிழக்கு மண்டலம்தானா என்று பார்த்தேன். மறுபடி பார்த்தேன். அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அக்காவிடமிருந்து போன்.

"வந்துடுச்சுடா. எல்லார் போனும் கூவுது. ஆனா ஆறு-கீழ்-ஆறுன்னு போட்டிருக்கே, மத்த அஞ்சுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா."

நாளை: முன்னுரை கண்டுபிடித்துவிட்டார், தலைவர் முன்னால் விசாரணைக்குப் போக வேண்டும். வெள்ளைச் சட்டை துவைத்துப் போட வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

தவறு: தலைவரைக் கடைசியில் அனுப்பியது. இது என் கருத்து இல்லை. விசாரணைக் குழுவின் முடிவு.

தலைவரை இதுவரை அவருடைய பட்டங்களாகத்தான் பார்த்திருக்கிறேன். நேரில் சின்ன உருவம். நாற்காலியில் உயரத்துக்காக ஒரு மெத்தை. ஒரு பக்கம் முன்னுரையும் மறுபக்கம் காற்புள்ளியும். அறிக்கை கொடுக்க வந்திருந்த பரிசோதனைக்கூடத்து அம்மா சுவரோரமாக நின்றார். அவருக்கு நாற்காலி போடவில்லை. எனக்கும் போடவில்லை, ஆனால் அது முறை.

தலைவர் தன் போனை மேசையில் வைத்து என் பக்கம் திருப்பினார்.

"இதப் படி."

"ஆறு கீழ் ஆறு. தண்ணீரைக் குடிக்க வேண்டாம்."

"இதுல நான் எங்க?"

"ஒண்ணாம் துண்டுல இருக்கீங்க ஐயா. அது வரும். ஆறாவதுக்கு லீவுல இருக்கறவர் வீட்டுலேர்ந்தே விசாரிச்சுக் கையெழுத்து அனுப்பிட்டார், இப்ப அஞ்சாவது போயிருக்கு. விசாரிச்சுகிட்டு இருக்காங்க."

"அப்ப நான் எப்ப வருவேன்?"

"அடுத்த வாரம் ஐயா."

அவர் சாய்ந்து உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வருத்தப்பட்டார்.

"ஜனங்க உயிர் முக்கியம். யாரு இல்லேன்னது? நானே எத்தனை மேடையில சொல்லியிருக்கேன். ஆனா காப்பாத்தறதுன்னா முறைப்படி காப்பாத்தணும். யாரு காப்பாத்தினாங்கன்னு தெரியாமலே ஒருத்தன் பொழச்சுக்கிட்டான்னா, அதுல வாரியத்துக்கு என்ன? அவன் பாட்டுக்கு இருப்பான். நாளைக்கு என்னை ரோட்டுல பாத்தா யாருன்னு கேப்பான்."

"கேப்பான் ஐயா," என்றார் முன்னுரை.

"அதோட ஒரு அறிவிப்பு 'வேண்டாம்'னு ஆரம்பிக்கலாமா? அமங்கலமா இல்ல?"

"ரொம்ப அமங்கலம் ஐயா. அதுலயும், வேண்டாமுக்கு முன்னாடி ஒரு காற்புள்ளிகூட இல்ல," என்றார் காற்புள்ளி.

அப்போது சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "எத்தனை பேருக்கு உடம்பு முடியலன்னு யாரும் கேக்கலியே?"

எல்லோரும் திரும்பினார்கள். அந்த அம்மா தானாகவே சொன்னார். "நாலு பேரு. நாலு பேருமே மெசேஜ் வர்றதுக்கு முன்னாடி குடிச்சவங்க. அதுக்கப்புறம் ஒருத்தர்கூட இல்ல."

"அது ஆஸ்பத்திரிக்காரங்க விஷயம்மா," என்றார் தலைவர், கனிவாக. "நாம நம்ம விஷயத்தப் பேசுவோம்."

பேசினார்கள். என்னை வேலையை விட்டு அனுப்பலாம் என்று ஒரு யோசனை வந்தது. அந்த இயந்திரத்தை இயக்க வேறு யாருக்குத் தெரியும் என்று தலைவர் கேட்டார். முன்னுரை காற்புள்ளியைக் காட்டினார், காற்புள்ளி என்னைக் காட்டினார். அதனால் நான் மன்னிக்கப்பட்டேன். நிரந்தரம் ஆவது மட்டும் தள்ளிப்போகிறது. இயந்திரத்துக்கு ஒரு பூட்டு. சாவி முன்னுரையிடம்.

பிறகு புது ஆணை. எந்தத் துண்டு முதலில் போனாலும் தலைவருக்குக் குறை வராதபடி, இனி ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் "மதிப்பிற்குரிய" முதல் "ஆணைப்படி" வரை முழுமையாக இருக்க வேண்டும். அதை வெட்டவும் கூடாது. அதற்கான நிரலை நானே எழுத வேண்டும். தண்டனை என்று சொல்லவில்லை. வாய்ப்பு என்று சொன்னார்கள்.

வெளியே வந்ததும் பரிசோதனைக்கூடத்து அம்மா என்னைப் பார்த்து, "சட்டை நல்லாருக்கு" என்றார்.

நாளை: வாரியத்துக்கு விடுமுறை. புது நிரலை வீட்டில் எழுதிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

தவறு: எண்ணிப் பார்க்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்தது.

சனிக்கிழமையே எண்ணினேன். நம்பிக்கை இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையும் எண்ணினேன். "மதிப்பிற்குரிய" முதல் "ஆணைப்படி" வரை எழுபத்தேழு இடம். துண்டுக்குக் கொள்வது அறுபத்தேழு.

காலையில் முன்னுரையிடம் சொன்னேன்.

"பத்து இடம் கூடுது சார். ஒரு பட்டத்த எடுத்தாத்தான் பொருந்தும்."

"எதை எடுப்ப?"

"செயல்வேங்கை..."

"அப்ப தலைவர் செயல்படாதவரா?"

"நீர்க்காவலர்?"

"குடிநீர் வாரியத்துல உக்காந்துகிட்டு நீரை எடுக்கச் சொல்றியா?"

"ஐயா-வ எடுத்தா..."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாமல் இதையும் சொன்னேன். செயல்வேங்கையை எடுத்தாலும் ஒரு துண்டில் மிச்சம் இரண்டே இடம். குடிக்கலாம் என்று அனுப்புவதானால் முதல் துண்டில் தலைவருக்குப் பிறகு 'கு' மட்டும் போகும். அடுத்த துண்டில் மறுபடி தலைவர், பிறகு 'டி'.

நான் பயந்தபடி அவர் கோபப்படவில்லை. அவர் கண்கள் மின்னின. "ஒவ்வொரு எழுத்துக்கும் தலைவர் ஒரு தடவை வருவாரா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். அழகாக இருக்கும் என்றார். ஆனால் பட்டத்தை எடுப்பது நடக்காது, அதனால் எடுக்காமல் ஓட்டிப் பார் என்று பூட்டைத் திறந்துவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

ஓட்டினேன். நிரல் ஒன்றாம் துண்டில் தலைவரை வைத்துப் பார்த்தது. கொள்ளவில்லை. வெட்டக் கூடாது என்பதால் அப்படியே இரண்டாம் துண்டுக்கு எடுத்துப் போனது. அங்கேயும் கொள்ளவில்லை. மூன்றாவது. நான்காவது. துண்டின் எண் இரண்டு இலக்கம் ஆனதும் இடம் இன்னும் கொஞ்சம் குறைந்தது. திரையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. ஒரு துண்டும் வெளியே போகவில்லை. முன்னுரை அதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, "வேலை நடக்குது பாரு" என்று பூட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அங்கிருந்து கிளம்பும்போதும் அது ஏறிக்கொண்டுதான் இருந்தது.

மதியம் பரிசோதனைக்கூடத்திலிருந்து போன்.

"கத்தரி, குழாய மாத்திட்டாங்க. மூணு தடவை சோதிச்சாச்சு. கிழக்குப் பக்கம் தண்ணி சுத்தமாயிடுச்சு. குடிக்கலாம்னு சொல்லிடு."

"சொல்ல முடியாதும்மா."

காரணத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் நீண்ட பெருமூச்சு கேட்டது. "அவங்க எல்லாம் தெருமுனை லாரியில வரிசையில நின்னு தூக்கிட்டுப் போறாங்கப்பா. நான் பாத்தேன்," என்று வைத்துவிட்டார்.

அக்காவுக்குச் சொன்னேன்.

"அப்பாடா! மூணு மாடி ஏறி ஏறித் தோள் கழண்டுடுச்சுடா," என்றாள்.

"நீ அன்னைக்கு மாதிரி மாடிப்படியில நின்னு கத்திடேன்."

"அது நடக்காது. குடிக்காதன்னு யாரு கத்தினாலும் நிறுத்திடுவாங்க. குடின்னு கத்தினா எவன் குடிப்பான்? நான் சொன்னா, 'உனக்கு எப்படித் தெரியும்?'னு கேப்பாங்க. அதுக்கு ஆபீஸ்காரன் ஒருத்தன் வந்து நேர்ல சொல்லணும். கழுத்துல அட்டையோட." பிறகு கேட்டாள். "உனக்கு அட்டை இருக்குல்ல?"

இருக்கிறது. தற்காலிகம் என்று சிவப்பில் எழுதியிருக்கிறது. புகைப்படம் என்னைப் போல இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கத்தரி என்று இருக்கிறது.

மாலை வகுப்பில் நிரலைக் காட்டினேன். வாத்தியார் பார்த்துவிட்டு, இது முடியவே முடியாத சுழல், எங்கேயாவது ஓரிடத்தில் வெளியே வரும் வழி வைக்க வேண்டும் என்றார். எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டேன். "அது நிரல் எழுதறவன் முடிவு பண்ண வேண்டியது," என்றார். எனக்கு அது இதுவரை தோன்றவில்லை என்பதையும் தவறாகவே எழுதிக்கொள்கிறேன்.

நாளை: வாரியத்துக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். அட்டையை மாட்டிக்கொண்டு கிழக்குப் பக்கம் போக வேண்டும். அக்கா வீட்டுக்குக் கீழ் வீட்டில் தொடங்கி ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். சொல்ல வேண்டியது: தண்ணீரைக் குடிக்கலாம். ஒரே துண்டு.